தலைவரின் புள்ளியைத் தொடாத கோடு

கோயில் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று மட்டும் வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மாஜோங் தாளுக்கு முன்னால் எங்கள் கோயில் தலைவர் ராமையா அண்ணன் ஒரு நீள மரக்கோலைப் பிடித்தபடி நின்றார். தாளில் சிவப்பு மையில் சில புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே என் மகள் தர்ஷினி பென்சிலால் இழுத்த ஒரு நேர்கோடு.

அண்ணன் ஒரு புள்ளியைக் கோலால் தொட்டார்.

"பாப்பா, இது யாரு புள்ளி?"

"போன வருஷத்தோடது, அங்கிள்."

"போன வருஷம் யாரு தலைவரு?"

"நீங்கதான் அங்கிள்."

"அப்ப கோடு ஏன் என் புள்ளிய தொடாம போகுது?"

அறையில் கூடியிருந்த செயற்குழுவில் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளே, வந்த வினை அதுதான். அன்றைக்கு ஒரே ஒருவர் சிரித்திருந்தால் இந்த வாரம் நான் உங்களுக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

மாஜோங் தாள் உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளியில் குழு வேலை என்றால் வாங்கி வரச் சொல்வார்களே, மேசை அளவு வெள்ளைத் தாள், அதேதான். அந்தத் தாளுக்கு மேலே, உத்தரம் வரை, தலைவராக இருந்து மறைந்தவர்களின் படங்கள் தொங்கின. எல்லாவற்றுக்கும் சட்டம், பிளாஸ்டிக் மாலை. தாளுக்கு நேர் மேலே இருந்தது ராமையா அண்ணனின் படம். பதவிக்கு வந்த வாரத்திலேயே மாட்டியது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "மத்த படத்துக்கெல்லாம் இருக்கு, எனக்கு மட்டும் இல்லன்னா கொறச்சலா தெரியும்லா" என்றாராம்.

எனக்கும் கணக்குக்கும் என்ன உறவு

பெரிய உறவு ஒன்றும் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்புக்கல் லோரி ஓட்டுகிறேன். ஈப்போவில் அடுக்குமாடி வீடு. ஆனால் பிறந்தது சுங்கை சிப்புட் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, நாங்களும் இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை இருக்கிறது. நடுவில் எங்கள் மாரியம்மன் கோயில் இருக்கிறது.

இந்தத் தொடரைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பெரியவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும். ஏதாவது ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருப்பவர்கள் மட்டும் இந்த வாரம் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழா. தைப்பிங், கோலாலம்பூர், ஜோகூர் என்று சிதறிப் போனவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்து சேருவார்கள். காலையில் பால்குடம், மதியம் அன்னதானம். பால்குடம் எடுப்பவர்கள் முன்கூட்டியே பதிந்துகொள்வார்கள். சாப்பிடுவதற்கு யாரும் பதிவதில்லை. பசிக்குப் பதிவு கிடையாது. எத்தனை பை அரிசி போடுவது என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் எங்கள் தலைவலி.

நனையாத தட்டு

போன வருஷம் ராமையா அண்ணனுக்கு முதல் திருவிழா. இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு வாளிச் சோறு மிஞ்சிப்போனதை அவர் மறக்கவே இல்லை. "வாளி வாளியா கொட்டுனாங்க" என்று சொல்லிச் சொல்லியே தலைவரானார். ஒரு வாளி எப்படி இத்தனை வாளி ஆனது என்று கேட்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் வாளிகள் குட்டி போடும்.

ஆகவே போன வருஷம் அரிசியைக் குறைத்தார். நான் அப்போது அடுப்படியில் சோறு கிளறும் ஆள்களில் ஒருவன்.

கடைசி அண்டாவின் அடியில் கரண்டி உரசிய சத்தம் இன்னும் என் பல்லில் கூசுகிறது. வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. ஜோகூரிலிருந்து வந்த ஒரு வேன் குடும்பம். அவர்களுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து ஆள்கள். வரிசையில் அடுத்ததாக நின்றவர் அவர்களில் ஒருவர்தான். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, விருந்துக்கு வருகிறவர் மாதிரியே வந்திருந்தார்.

அண்டாவை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தாப்பா, பாங்" என்றார். பரவாயில்லை அண்ணே என்று மலாயில். பிறகு கையிலிருந்த தட்டைத் திரும்ப அடுக்கின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, மற்றத் தட்டுகளோடு விளிம்பு சேர்கிறதா என்று விரலால் சரி செய்தார்.

அந்தத் தட்டு நனையவே இல்லை.

சாயந்திரம் அண்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த வருஷம் ஒரு பருக்கை கூட வீணாகல!" கைதட்டல். காலி அண்டாவைப் பார்த்து வீணாகவில்லை என்றும் சொல்லலாம், போதவில்லை என்றும் சொல்லலாம். ஒலிபெருக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வது நிற்கும்.

இந்த வருஷம் பழைய சமையல்காரருக்கு முழங்கால் வலி என்று அடுப்படிப் பொறுப்பு என் தலையில் வந்தது. எனக்கு வேறு ஆசையே இல்லை. யாரும் காய்ந்த தட்டைத் திருப்பி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சோற்றுக்கு ஒரு கோடு

தர்ஷினி ஐந்தாம் படிவம், இடைநிலைப் பள்ளியின் கடைசி வருஷம். கூடுதல் கணிதம் எடுக்கிறாள். அவள் பாடப்புத்தகத்தைத் திறந்தால் எனக்கு லோரி எஞ்சினைத் திறந்த மாதிரி இருக்கும். எல்லாம் தெரிகிறது, எது எதற்கு என்று மட்டும் தெரியாது. ஒருநாள் நான் அரிசிக் கவலையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

"பழைய வருஷக் கணக்கு இருக்காப்பா? எத்தன பால்குடம், எத்தன பை அரிசி?"

ஆண்டறிக்கைகளில் இருந்தது. அவள் தாளை விரித்தாள். கிடையாகப் பால்குடப் பதிவு. நெடுக்காக அரிசிப் பை. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி. பால்குடம் கூடக் கூட அரிசியும் கூடியது, ஆனால் ஒழுங்காக இல்லை. புள்ளிகள் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஜனம் மாதிரி நின்றன. ஒரு பக்கமாகப் போகிறார்கள் என்று தெரியும், ஆனால் வரிசை இல்லை.

அவள் ஒரு தையல் நூலை எடுத்து, புள்ளிகளுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, மேலே கீழே நகர்த்தி, கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்திக் கோடு போட்டாள். சிறந்த பொருத்தக் கோடு என்று அதற்குப் பெயராம்.

"என்னம்மா இது, ஒரு புள்ளியையும் சரியா தொடலியே?"

"தொடணும்னு இல்லப்பா. எல்லாத்துக்கும் சேத்து ஆகக் கிட்டக்க போனா போதும்."

"அப்ப இந்தத் தூரம்?"

"அதான்பா மிச்சம். கோடு என்னா சொல்லுச்சு, நெசமா என்னா நடந்துச்சு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்."

பாடப்புத்தகத் தமிழில் அதை எச்சம் என்கிறார்கள். நான் மிச்சம் என்றே வைத்துக்கொண்டேன். சாய்வாக அளந்து பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். நேர் மேலே, அல்லது நேர் கீழேதான் அளக்க வேண்டுமாம். ஏனென்றால் நாம் கேட்பது அரிசியை. அரிசி இருப்பது மேலும் கீழுமாக.

புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் கூட்டல் மிச்சம். கோடு சொன்னதைவிட அதிகமாகச் செலவானது. கீழே இருந்தால் கழித்தல் மிச்சம்.

"எல்லா மிச்சத்தையும் கூட்டிப் பாத்தியாம்மா?"

"கூட்டினா கிட்டத்தட்ட சைபர்தான்பா வரும்."

"அப்ப தப்பே இல்லன்னுதானே அர்த்தம்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஒரு வருஷம் அஞ்சு பை கூட. இன்னொரு வருஷம் அஞ்சு பை கொறச்சல். கூட்டினா சைபர். அதுக்காகக் கொறஞ்ச வருஷம் பசியா போனவங்களுக்கு வயிறு ரொம்பிடுமா?"



அதனால்தான் ஒவ்வொரு மிச்சத்தையும் அந்த மிச்சத்தாலேயே பெருக்குவார்களாம். அப்படிச் செய்தால் கழித்தல் குறி போய்விடும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. சின்னத் தப்பு சின்னதாகவே இருக்கும், பெரிய தப்பு பூதமாகத் தெரியும். பெருக்கியதையெல்லாம் கூட்டினால் எந்தக் கோட்டுக்கு ஆகக் குறைவாக வருகிறதோ அதுதான் நல்ல கோடு. நூலை வைத்துக் கண்ணால் பார்த்தது அதற்கு ஏழை வீட்டுத் தம்பி.

கோடு போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவள் அப்போதுதான் ஆரம்பித்தாள். கோட்டை விட்டுவிட்டு மிச்சங்களை மட்டும் பார்த்தாள்.

"அப்பா, இந்த மேல இருக்குற புள்ளியெல்லாம் எந்த வருஷம்? ஸ்கூல் லீவுல திருவிழா வந்த வருஷமா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். பள்ளி விடுமுறையில் வந்தால் ஜோகூர்க்காரர்கள் பிள்ளைகுட்டியோடு வருவார்கள். பால்குடம் ஒன்றுதான், சாப்பிடும் வாய் ஐந்து.

"அது கோட்டுக்குத் தெரியாது. மிச்சத்துக்குத் தெரியும்" என்றாள். "இந்த வருஷமும் லீவுலதான் வருது. கோடு சொல்றதுக்கு மேலயே போடுங்கப்பா."

பிறகு போன வருஷத்துப் புள்ளிக்கு வந்தாள். வலது ஓரத்தில், எல்லாவற்றையும்விட அதிகமான பால்குடத்துக்கு நேரே, பள்ளத்தில் விழுந்த மாதிரி கிடந்தது. நான் தட்டுக் கதையைச் சொன்னேன்.

"அப்ப இது சாப்ட்ட அளவு இல்லப்பா. அரிசி தீந்துபோன அளவு. பசி எதுவரைக்கும் போச்சுன்னு இதுல இல்ல."

அழிக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கோட்டுக் கணக்கில் சேர்க்காமல் வைத்தாள்.

பால் வாளியும் பெரிய துரையும்

கொஞ்சம் பின்னால் போகிறேன். கோடு எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல.

என் அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்துக்கு ஒரு புதுத் துரை வந்தார். எத்தனை மரம் வெட்டினால் எவ்வளவு பால் வர வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு கோடு போட்டு மாட்டினார். விடிவதற்கு முன் பெரட்டில் ஆள்களை நிறுத்திக் கணக்கெடுக்கும்போது தோட்டக் கணக்கரான கிராணி அதை வாசிப்பார். கோட்டுக்குக் கீழே இருந்தவர் சோம்பேறி. கோட்டுக்கு மேலே இருந்தவர் பாலில் தண்ணீர் கலந்தவர். இரண்டு பக்கமும் ஏச்சுதான்.

மண் ஒரு பக்கம் சரளை, ஒரு பக்கம் சேறு. மரம் ஒன்று கிழடு, ஒன்று இளசு. மழை ஒரு நிரைக்குப் பெய்து அடுத்த நிரைக்குப் பெய்யாது. அதெல்லாம் மிச்சத்தில் இருந்தது. துரைக்கு மிச்சம் என்றால் ஆளுடைய குற்றம்.

ஒருநாள் அம்மா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாராம்: "தொரை, சரியா கோட்டு மேலயே நிக்கிற ஆள் ஒண்ணு காட்டுங்க. நாங்களும் ஒருதரம் பாத்துக்குறோம்." அப்படி ஒருவரும் இல்லை. அன்று முழுக்க அம்மாவுக்குச் சரிவு நிரையில் வேலை கொடுத்தார்கள். வாயாடிகளுக்குச் சரிவு நிரை என்பது அந்தக் காலத்துச் சட்டம்.

கோட்டை வாசித்த கிராணி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய மகன் பள்ளி ஆசிரியராகி, ஓய்வு பெற்று, எங்கள் கோயிலுக்கும் பல வருஷம் தலைவராக இருந்தார். தில்லையம்பலம் மாஸ்டர். ராமையா அண்ணனுக்கு முன் இருந்தவர், அந்த ஒரு வாளிச் சோற்றால் பதவி போனவர். இப்போது அலுவலகத்துக்குத் திரும்பலாம், ஏனென்றால் மாஸ்டர் தொண்டையைச் செருமுகிறார்.

எல்லாருக்கும் மரியாதை

முதலில் ராமையா அண்ணனுக்குக் கோபமே இல்லை. வட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, என் புள்ளிக்கு மட்டும் வட்டம் போட்டிருக்கு!" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கோட்டைக் கவனித்தார்.

"வட்டம் போட்டுட்டு கோட்ட அந்தப் பக்கம் இழுத்தா எப்படி? சாமி ஊர்வலம் தலைவர் வூட்டு வாசல்ல நிக்காம போனா விடுவமா?"

மாஸ்டர் செருமி முடித்தார். "ராமையா, உங்கட புள்ளியைக் கோடு தொடுறதெண்டால் என்ர புள்ளிகளையும் தொடத்தான் வேணும். உங்களுக்கு ஒண்டு. எனக்கு எத்தினை எண்டு பாரும்."

"அங்கிள், ஒரு நேர்கோடு எல்லாப் புள்ளியையும் தொட முடியாது" என்றாள் தர்ஷினி.

"யாரு நேரா போகச் சொன்னது?" என்றார் ஒரு செயற்குழு உறுப்பினர். சண்டை என்றால் பயப்படும் நல்ல மனிதர். "ஒவ்வொரு புள்ளியா தொட்டுத் தொட்டுப் போகட்டுமே. மேல ஏறட்டும், கீழ எறங்கட்டும். எல்லாருக்கும் மரியாதை குடுத்த மாதிரி ஆச்சு."

அறையில் அப்படியொரு நிம்மதி. செத்துப்போன தலைவர்கள்கூடப் படத்திலிருந்து தலையாட்டிய மாதிரி இருந்தது. அண்ணனே பேனாவை எடுத்தார். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு, ஏறி இறங்கி, இறங்கி ஏறி, மாஸ்டரின் கடைசிப் புள்ளியில் உச்சிக்குப் போய், அங்கிருந்து சரேலென்று இறங்கி, வட்டத்துக்குள் இருந்த தன் புள்ளியில் வந்து முடித்தார்.

"இப்ப மிச்சம் எவ்ளோ, பாப்பா?"

"சைபர், அங்கிள்."

"எல்லா வருஷத்துக்கும்?"

"எல்லா வருஷத்துக்கும்."

"பாத்தீங்களா! நம்ம கணக்குல தப்பே இல்ல!"

தர்ஷினி விடவில்லை. "அங்கிள், இது நடந்து முடிஞ்சதத் திருப்பிச் சொல்லுது, அவ்ளோதான். இந்த வருஷத்துக்கு எவ்ளோன்னு இதுக்குத் தெரியாது."

"தெரியும்லா. கோல கொண்டா."

இந்த வருஷம் பால்குடப் பதிவு போன வருஷத்தைவிட அதிகம். அதாவது இன்னும் வலப்பக்கம் போக வேண்டும். அண்ணன் மரக்கோலைக் கடைசித் துண்டின் மேல் வைத்தார். மாஸ்டரின் உச்சியிலிருந்து தன் பள்ளத்துக்கு இறங்கிய துண்டு. அதே சரிவில் நீட்டினார். கோடு இன்னும் கீழே போனது.

"இந்தா. போன வருஷத்தவிட கம்மியா போட்டா போதும்."

அப்போது வாசலில் அஞ்சலை அக்கா நின்றுகொண்டிருந்தார். எரிவாயு உருளை பற்றிக் கேட்க வந்தவர். ஈப்போவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவர். திருவிழாவில் எங்கள் அடுப்படியின் வாயும் கையும் அவர்தான்.

"தலைவரே, சந்தேகம். ஆளு கூடக் கூட அரிசி கொறையுதா?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது, அக்கா."

"அப்ப சுங்கை சிப்புட்டே தெரண்டு வந்துச்சுன்னா அடுப்பே பத்த வைக்க வேணாம்போல!"

"கணக்கு புரியாதவங்க பேசக் கூடாதுக்கா."

கைதூக்கி நிறைவேற்றினார்கள். தாளைப் படம் பிடித்து, 'அறிவியல் முறையில் அன்னதானம்' என்று எழுதி, வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். கும்பிடும் கைகள் வந்து குவிந்தன.

மோட்டார் சைக்கிளில் தர்ஷினியோடு திரும்பினேன். புந்தோங் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்:

"அது கோடு இல்லப்பா. மால."

அஞ்சலை அக்காவின் குரல் பதிவு

மறுநாள் பெண்கள் குழுவில் அக்காவின் குரல் வந்தது. அதை எனக்கும் அனுப்பியிருந்தார். பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"எல்லாரும் கேட்டுக்குங்கடி. நம்ம தலைவரு புதுக் கணக்கு கண்டுபுடிச்சிருக்காரு. அதுப்படி நம்ம வூட்டு ஆளுங்களும் பட்டினி, வாரவங்களும் பட்டினி. பால்குடம் எடுக்குற ஒவ்வொருத்தியும் வாரப்ப மூணு பால் டின் அரிசி கொண்டாங்க. அந்தக் கெட்டிப் பால் டின்னு இருக்குல்ல, அது. பச்சரிசி கொண்டாந்து பொங்கல் வைக்காதீங்க, சாப்பாட்டு அரிசி. பின்வாசல்ல குடுங்க. ஆம்பளைங்ககிட்ட சொல்லாதீங்க, கூட்டம் போட்டுருவாங்க."

எனக்குச் சொன்னதே பெரிய மரியாதை.

திருவிழா அன்று

விடிகாலையிலேயே உருமி சத்தம் வந்துவிட்டது. முன்வாசலில் மேளம், சந்தன வாசம், மஞ்சள் சேலைகள். பின்வாசலில் டின்கள். ஒருத்தி துணிப்பையில் கொண்டு வந்தாள், ஒருத்தி பிள்ளையின் தண்ணீர்ப் புட்டியில். கொடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, குடம் தூக்கப் போனார்கள். தர்ஷினி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அரிசியைக் கோயில் வாங்கும் அளவிலேயே பத்துக் கிலோ பைகளில் நிரப்பிக் கட்டினாள். பைகள் சுவர் ஓரமாக ஏறிக்கொண்டே போயின. எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மதியம் வரிசை செம்பனை மரங்களுக்குள் போய் மறைந்தது. சாம்பார் கொதிக்கிறது, அப்பளம் பொரிகிறது, எனக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. வெள்ளைச் சட்டையில் ராமையா அண்ணன் வந்தார். வரிசையைப் பார்த்தார். அவர் முகத்திலும் வியர்வை.

"செல்வம், வெளி ஆளுங்கள நிறுத்திரு. முதல்ல நம்ம ஆளுங்க."

நான் வாய் திறப்பதற்குள் அஞ்சலை அக்கா கரண்டியோடு திரும்பினார்.

"நம்ம ஆளுங்கன்னா யாரு தலைவரே? இந்தத் தோட்டத்துல முன்ன வேல செஞ்சவங்களா, இப்ப செய்றவங்களா?"

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் யாரோ கைப்பேசியை நீட்ட, படத்துக்கு நிற்கப் போய்விட்டார். நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன வருஷத்து ஆள் வந்தாரா என்று தெரியாது. எண்ணெய் வைத்து வாரிய தலைகள் நிறைய வந்தன. அந்தி சாயும் நேரத்தில் தட்டுகள் கழுவும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். குவியலாகக் கிடந்தன. ஒரு தட்டுகூடக் காய்ந்திருக்கவில்லை.

அண்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நம்ம கோடு சொன்ன அளவுதான் வாங்குனோம்! வந்த சனம் பூரா சாப்ட்டுச்சு! கணக்கு கரெக்டு!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒரு டின்னை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். ஒரே ஒரு அரிசி விழுந்தது.

இன்னொரு தாள்

அடுத்த கூட்டத்துக்குப் பெண்களும் வந்திருந்தார்கள், பாத்திரக் கணக்கு ஒப்படைக்க. அண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"பாப்பா, வா வா. இந்த வருஷத்துப் புள்ளிய நம்ம கோட்டு நுனியில வச்சிரு. அப்படியே மேலயே."

பிள்ளைகளே, அந்த இடத்தில் புள்ளி வைத்தால் கோடு ஜெயித்த மாதிரி. அடுத்த வருஷம் இன்னும் வலப்பக்கம், இன்னும் கீழே. அடுத்த வருஷம் டின்கள் வருமா என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு வரிசையில் வந்து நிற்கப்போகிறவரின் தட்டு அந்தச் சின்னப் புள்ளிக்குள் இருந்தது.

தர்ஷினி தாளைப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். கோட்டு நுனியில் வைத்தாள். வைத்த இடத்திலிருந்து நேராக மேலே இழுத்தாள். பழைய நேர்கோட்டைத் தாண்டி, மாஸ்டரின் உச்சியைத் தாண்டி, தாளின் விளிம்புவரை போய் நின்றாள்.

"அங்கிள், தாள் பத்தல."

"எதுக்குப் பத்தல?"

"புள்ளி வைக்க. புள்ளி இன்னும் மேல இருக்கு."

பையிலிருந்து இன்னொரு மாஜோங் தாளை எடுத்தாள். சுருட்டிக் கொண்டு வந்திருந்தாள்! எனக்கே தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தாளுக்கு மேலே இடமில்லை. அங்கே அண்ணனின் படம்.

"இத கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா அங்கிள்?"

மரியாதையாகத்தான் கேட்டாள். படத்தை ஆணியிலிருந்து கழற்றி, மாலை நழுவாமல் சரிசெய்து, இரண்டு கையாலும் நீட்டினாள். பெரியவர்கள் நீட்டினால் சிறியவர்கள் வாங்குவது பழக்கம். இங்கே தலைகீழாக நடந்தது, அண்ணனும் வாங்கிக்கொண்டார். தன் படத்தைத் தானே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார், பிளாஸ்டிக் மாலை மணிக்கட்டில் தொங்க.

அவள் புதுத் தாளை ஒட்டினாள். சிவப்புக் கோட்டை அதற்குள் ஏற்றினாள். ஏறிக்கொண்டே போனது. ஓர் இடத்தில் நிறுத்தி, அழுத்தி, ஒரு புள்ளி வைத்தாள்.

"இது என்னா?" என்றார் அண்ணன். "அவ்ளோ பெரிய கோடு?"

"மிச்சம், அங்கிள்."

"எங்க டின்னு, தலைவரே" என்றார் அஞ்சலை அக்கா.

முதலில் சிரித்தது தில்லையம்பலம் மாஸ்டர். செருமல் என்று தொடங்கிச் சிரிப்பாக மாறியது. பிறகு சண்டைக்குப் பயப்படும் உறுப்பினர். பிறகு பெண்கள் கைதட்டினார்கள், செயற்குழுவும் தட்டியது.

தலைவரால் மட்டும் தட்ட முடியவில்லை. இரண்டு கையிலும் படம் இருந்தது.